‘அந்தக் காலத்து கேம் மாதிரி வருமா?’ வராது, வரவும் வேண்டாம்

நீளமான த்ரெட். கேம் பக்கமே போகாதவங்க ம்யூட் பண்ணிக்கலாம். பழைய கேம் ரசிகர்கள் மட்டும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறமா திட்டுங்க.

மூணு நாளா டைம்லைன்ல ஒரே படம் சுத்துது. ஒரு பக்கம் முஸ்தபா, கான்ட்ரா, டேவ், ஐஜிஐ, வைஸ் சிட்டி. இன்னொரு பக்கம் தலையைக் குனிஞ்சு போனைப் பாத்துட்டு இருக்கற ஒரு பையன். கீழ வாசகம்: எங்க காலத்து கேம் காசு பிடுங்கல, எங்களை அடிமையாக்கல, திறமைக்கு மரியாதை இருந்துச்சு. என் ஸ்கூல் செட்டு, காலேஜ் செட்டு எல்லாரும் வரிசையா ஹார்ட் விட்டிருக்காங்க. டாக்டர்களும்தான்.

எனக்கும் அந்த கேம் எல்லாம் பிடிக்கும். இன்னிக்கும் ஆடறேன். அதனாலதான் சொல்றேன், அந்த வாசகத்துல இருக்கற மூணு பாயின்ட்டும் தப்பு.

முஸ்தபாவையே எடுத்துக்குவோம். அதோட நிஜப் பேரு காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். 1993ல கேப்காம் விட்டது, ஒரு அமெரிக்க காமிக்ஸை வெச்சு எடுத்தது. நாலு பேர்ல வேகமா ஓடறவர் முஸ்தபாங்கறதால நாம கேமுக்கே அந்தப் பேரை வெச்சுட்டோம். அது எந்த மெஷின்ல ஓடுச்சு? காயின் போடற மெஷின்ல. உயிர் போனதும் திரையில எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும். அது பூஜ்யத்துக்குப் போறதுக்குள்ள இன்னொரு காயின் போட்டா அதே இடத்துல எழுந்து நிக்கலாம், இல்லைன்னா ஆட்டம் க்ளோஸ். பின்னாடி நாலு பையனுங்க "போடுடா போடுடா"னு கத்திட்டு இருப்பானுங்க. ஒன்பது வயசுப் பையன் அந்தப் பத்து செகண்ட்ல நிதானமா யோசிச்சு முடிவெடுக்கறான்னு யாராவது சொல்வீங்களா?

இன்னிக்கு போன்ல "மறுபடி தொடர 30 ஜெம்"னு வர்ற பட்டனும் இதுவும் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி. ஆர்கேட் கேம் செஞ்சவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஒருத்தர் ஒரே காயின்ல ஒரு மணி நேரம் நின்னா கடைக்காரருக்கு நஷ்டம். அதனால முதல் ஸ்டேஜ் ஜாலியா போகும், ரெண்டாவதுல கொஞ்சம் இறுகும், மூணாவதுல சட்டைப்பையைக் காலி பண்ணும். நிறைய ஆர்கேட் மெஷின்ல கஷ்டத்தைக் கூட்ட, குறைக்க கடைக்காரருக்கே செட்டிங் இருந்துச்சு. நம்ம தெருக் கடைல எந்த அளவுல வெச்சிருந்தாங்கன்னு கண்டுபிடிக்க வழியில்ல. என் தீபாவளிக் காசு போன வேகத்தைப் பாத்தா எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, அவ்வளவுதான்.

ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கறேன். அந்தக் கடைக்கு ஷட்டர் இருந்துச்சு. நம்ம பையில இருந்த காயினுக்கு ஒரு எண்ணிக்கை இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு முஸ்தபா நம்ம தலையணைக்குக் கீழ இருந்து "வா, போனஸ் தரேன்"னு நோட்டிஃபிகேஷன் அனுப்பல. அந்த நல்ல விஷயமெல்லாம் கடையோட, அப்பாவோட, வறுமையோட கணக்குல சேரணும். கேமோட கணக்குல இல்ல.

அடுத்து "கஷ்டமா இருந்துச்சு, அதான் கெத்து". கான்ட்ராவுக்கு மூணு உயிர். ஆர்கேட்ல 1987ல வந்த கேம். அதோட வீட்டு வடிவம்தான் நம்ம டிவி கேசட்டுக்கு வந்துச்சு. 99999 கேம்னு ஸ்டிக்கர் ஒட்டி உள்ள பத்து மட்டும் இருக்குமே, அந்தக் கேசட். நல்லா ஆடறவர் கான்ட்ராவை அரைமணில முடிச்சிடலாம். சூப்பர் மாரியோ 1985ல வந்தது, அதை அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சுக் காட்டறவங்க இருக்காங்க. அதாவது கேமோட உண்மையான நீளம் ரொம்பக் குட்டி. செத்தா முதல்ல இருந்துன்னு வெச்சதாலதான் அது ஒரு கோடை லீவு முழுக்க ஓடுச்சு. சினிமாவுல ஒவ்வொரு தடவை தும்மும்போதும் படத்தை முதல்ல இருந்து போட்டா அதுவும் மூணு மாசம் ஓடும்.

ஐஜிஐ பத்திச் சொன்னா அடிக்க வருவீங்க, தெரியும். 2000 கடைசில வந்தது. மொத்தம் 14 மிஷன். மிஷன் நடுவுல சேவ் கிடையாது. ப்ரௌசிங் சென்டர்ல ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிட்டு உக்காருவேன். நாப்பது நிமிஷம் தவழ்ந்து தவழ்ந்து, கேமரா பாக்காம, கம்ப்யூட்டரை ஹேக் பண்ணி, கடைசி கேட் வரைக்கும் வந்து நிப்பேன். எங்கயோ ஒரு டவர்ல இருந்து ஒரு தோட்டா. அவ்வளவுதான், முதல் ஸ்க்ரீன். அலாரம் அடிச்சிட்டா இன்னும் மோசம். பேரக்ஸ்ல இருந்து ஆள் வந்துட்டே இருப்பான், என்னமோ உள்ள ஃபேக்டரி வெச்சு செய்யற மாதிரி.

இதைத் "திறமைக்கு மரியாதை"ன்னு சொல்றவங்ககிட்ட ஒரே கேள்வி. அந்த நாப்பது நிமிஷத்துல முதல் முப்பத்தஞ்சை நான் ஏற்கனவே சரியா ஆடிட்டேன். அதை எட்டாவது தடவை ஆட வைக்கறதுல என் திறமை எங்க வளருது? 2003ல வந்த ரெண்டாம் பாகத்துல குறிப்பிட்ட தடவை சேவ் பண்ணிக்கலாம்னு வந்துச்சு. யாரும் "ஐயோ சேவ் வந்துடுச்சே"ன்னு அழல.

ஐஜிஐ குப்பைன்னு சொல்ல வரல. அந்தப் பரந்த வெளி, தூரத்து டவர்ல தெரியற ஒரு ஆள், துணைக்கு யாருமே இல்லாத அந்த உணர்வு, இதெல்லாம் அந்தக் காலத்துல வேற கேம்ல அவ்வளவு லேசுல கிடைக்காது. இன்னிக்குப் போட்டாலும் முதல் அரைமணி எனக்கு மயிர்க்கூச்செறியும். அரைமணி கழிச்சு அன்இன்ஸ்டால் பண்ணிடுவேன். ரெண்டும் உண்மை.

வைஸ் சிட்டிக்கும் அதேதான். பாட்டு, நியான் வெளிச்சம், கடற்கரை ரோடு எல்லாம் சொர்க்கம். அந்தக் குட்டி ஹெலிகாப்டர் வெச்சு கட்டடத்துல குண்டு வைக்கற மிஷன்? நம்ம தலைமுறைல பாதிப் பேர் கதையை அங்கதான் நிறுத்தினாங்க. அப்புறம் சீட் கோட் அடிச்சு டேங்க் ஓட்டினதைத்தான் "வைஸ் சிட்டி ஆடினேன்"னு சொல்றோம்.

நான் இவ்வளவு கறாரா பேசக் காரணம் என் ட்யூட்டி சார்ட். எனக்கு ஒரு நாளைக்கு ஆடக் கிடைக்கறது நாப்பது நிமிஷம். சில வாரம் அதுவும் இல்ல. நடுவுல எப்ப வேணா போன் வரும், வந்தா அப்படியே போட்டுட்டு ஓடணும். பத்து வருஷமா இப்படி ஆடறதால ஒவ்வொரு கேம்லயும் நான் முதல்ல பாக்கறது ஒண்ணே ஒண்ணு: நான் எழுந்து போனா இது என்னை என்ன பண்ணும்? பழசு, புதுசு, பெரிய கம்பெனி, ஒத்தை ஆள் செஞ்சதுங்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

இந்தக் கேள்வியை வெச்சுப் பாத்தா சில பழைய கேம் இன்னிக்கும் கம்பீரமா நிக்குது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 1999ல வந்தது. இன்னும் போட்டி நடக்குது, இன்னும் புதுசு சேக்கறாங்க. 2022ல வந்த இந்தியப் பாகத்துல திராவிடர்னு ஒரு நாகரிகமே இருக்கு, உருமி வீரர் இருக்காங்க, ராஜேந்திர சோழன் கதையை ஆடலாம். பழைய பாசத்தால மட்டும் இது உயிரோட இல்ல. குதிரைக்கு ஈட்டி, ஈட்டிக்கு வில், வில்லுக்குக் குதிரைங்கற அந்தக் கணக்கு அவ்வளவு இறுக்கமானது. எவ்வளவு ஆடினாலும் நீங்க தோத்ததுக்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

ஆனா அதுலயும் ஒண்ணு பாருங்க. முதல்ல வந்தப்ப வயல் தீந்துபோனா ஒவ்வொண்ணையும் நாமளே கையால மறுபடி போடணும். சண்டை நடுவுல பாதி கவனம் விவசாயத்துலயே போயிடும். 2000ல வந்த கான்கரர்ஸ்ல ஆலைல முன்கூட்டியே வரிசை போட்டு வைக்கலாம்னு ஆக்கினாங்க. 2019 பதிப்புல அது தானாவே நடக்குது. "கையால வயல் போட்ட சுகம் வருமா"ன்னு ஒரு ஆள் கேட்டு நான் பாத்ததில்ல.

இப்ப பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. 1989. ஜோர்டன் மெக்னர்ங்கற ஒருத்தர் ஏறக்குறைய தனியாவே செஞ்சது. தம்பிக்கு வெள்ளை டிரஸ் போட்டு ஓட விட்டு, குதிக்க விட்டு வீடியோ எடுத்து, அதை ஃப்ரேம் ஃப்ரேமா வரைஞ்சு இளவரசனை நடக்க வெச்சார். இன்னிக்குப் பாத்தாலும் அவன் விளிம்பைப் பிடிச்சுத் தொங்கற விதத்துல உடம்போட கனம் தெரியும். அவர்தான் அந்தக் காலத்தோட இண்டி. நாம ஏதோ "பழைய கேம்" ஒரு ஜாதி, "இண்டி கேம்" இன்னொரு ஜாதின்னு பிரிச்சு வெச்சுப் பேசறோம். நல்ல பழைய கேம்ல பல, ஒருத்தரோ ரெண்டு பேரோ ரூமுக்குள்ள உக்காந்து செஞ்சதுதான். டேவ் கூட 1988ல ஜான் ரொமேரோ செஞ்சது. டூம் எல்லாம் அதுக்கப்புறம்.

பிரின்ஸ்ல ஒரு மணி நேரக் கெடு உண்டு. அந்த 60 நிமிஷத்துக்குள்ள இளவரசியைக் காப்பாத்தணும். இதுவும் கொடுமைதானேன்னு கேப்பீங்க. இல்ல. அந்தக் கெடுதான் கதையே. அதோட டாஸ் பதிப்புல மூணாவது லெவல்ல இருந்து சேவ் பண்ணலாம். மிச்ச நேரத்தோட சேவ் ஆகும். நேரத்தை வீணாக்கினது நீங்கன்னா அந்தக் கடன் உங்க பேர்ல அப்படியே இருக்கும். கஷ்டமான கேமை நேர்மையா செய்யற விதம் இதுன்னு நினைக்கறேன்.

அதுல ஒரு நிழல் வரும், ஞாபகம் இருக்கா? நாலாவது லெவல்ல ஒரு கண்ணாடி. அதுக்குள்ள ஓடிப் பாய்ஞ்சாதான் வழி. பாய்ஞ்சதும் நம்மளோட நிழல் அந்தப் பக்கமா குதிச்சு ஓடிடும், நம்ம உயிர் ஒரே ஒரு புள்ளியா சுருங்கிடும். அடுத்த லெவல்ல நாம குடிக்கப்போற மருந்தை அது வந்து குடிச்சிட்டுப் போகும். அதுக்கடுத்த லெவல்ல கதவை மூடி நம்மளைக் கீழ விழ வைக்கும். பன்னெண்டாவது லெவல்ல நேருக்கு நேர் கத்தியோட நிக்கும். வெட்டினா நமக்குத்தான் ரத்தம் போகும். கொன்னா நாம செத்தோம். ஸ்கூல் படிக்கும்போது எத்தனையோ நாள் நான் அங்க மாட்டிக்கிட்டேன். விடை என்னன்னா கத்தியை உறைல போடணும். நாம போட்டா அதுவும் போடும். அப்புறம் ரெண்டு பேரும் நேரா நடந்து ஒருத்தருக்குள்ள ஒருத்தர் கரைஞ்சிடுவாங்க.

அந்த நிழல் எப்படி வந்துச்சுன்னு மெக்னரே சொல்லியிருக்கார். ஆப்பிள் கம்ப்யூட்டர்ல மெமரி நிரம்பிடுச்சு. எதிரின்னு புதுசா ஒரு உருவம் வரைய இடமே இல்ல. அதனால இளவரசனோட அதே படத்தை லேசா நகர்த்தி, அதோட மேலயே போட்டுக் கழிச்சு ஒரு மங்கலான உருவம் வர வெச்சார். இடப் பற்றாக்குறைல பிறந்த யோசனை. இதைக் காட்டி "பழைய காலத்துத் தடைதான் கலையை வளத்துச்சு"ன்னு சிலர் கிளம்புவாங்க. அதே தடைல ஆயிரக்கணக்கான குப்பையும் வந்துச்சு, அதை யாரும் மீம் போடறதில்ல. நல்லது மட்டும் நினைவுல நிக்குது. மருத்துவத்துல இதுக்குப் பேர் இருக்கு. பிழைச்சவங்களை மட்டும் எண்ணிட்டு மருந்து வேலை செய்யுதுன்னு சொல்றது.

இருபத்தொம்பது வருஷம் தள்ளி 2018. செலஸ்ட். சின்ன டீம் செஞ்ச இண்டி. மேடலின்னு ஒரு பொண்ணு மலை ஏறுவா. அவளுக்குப் பதற்ற நோய். அங்கயும் ஒரு கண்ணாடி. அதுல இருந்தும் அவளோட இன்னொரு உருவம் உடைச்சிட்டு வெளிய வரும், துரத்தும், "உன்னால முடியாது, வீட்டுக்குப் போ"ங்கற ரீதில பேசும். நடுவுல ரோப் கார் அந்தரத்துல நின்னுபோய் அவளுக்கு மூச்சு முட்டும். அப்ப கூட வர்றவன் ஒரு இறகைக் கற்பனை பண்ணிக்கோ, மூச்சால அதை மேல கீழ நிறுத்துன்னு சொல்லிக் கொடுப்பான். நாம பட்டனை அழுத்தி அழுத்தி அவளோட சேந்து மூச்சு விடணும். நான் நோயாளிக்கு வாயால சொல்லிக் கொடுக்கற அதே பயிற்சி.

இதுல என்னைக் கட்டிப்போட்ட விஷயம் வேற. பிற்பாடு அந்த இன்னொரு உருவத்துக்கு எதிரா அவ அதே இறகை நினைச்சுப் பாப்பா. அந்த உருவம் இறகை வெட்டிப் போட்டுடும். மூச்சுப் பயிற்சி எல்லா நாளும் வேலை செய்யாதுன்னு இவ்வளவு நேர்மையா ஒரு விழிப்புணர்வு போஸ்டர்ல கூட நான் பாத்ததில்ல. கடைசில அவளும் அதை விரட்டறதை நிறுத்தி, கூட்டு சேந்து மலை ஏறுவா. கத்தியை உறைல போட்ட அதே முடிவுதான்.

ஆனா 2018க்காரங்க அந்த முடிவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போன விதம் வேற. செலஸ்ட் பயங்கரக் கஷ்டம். நான் ரெண்டாயிரம் தடவைக்கு மேல செத்திருப்பேன். செத்த அடுத்த நொடியே அதே ஸ்க்ரீன்ல நிப்பேன். விளிம்பைத் தாண்டி லேசா கால் போனபிறகும் ஒரு கணம் குதிக்க விடும். கார்ட்டூன்ல மலை விளிம்பு தாண்டி அந்தரத்துல ஓடற ஓநாயை வெச்சு அதுக்கு கயோட்டி டைம்னு பேரு. நம்ம கண்ணுக்கே தெரியாம நம்ம பக்கம் சாயற மாதிரி இப்படி நிறைய வெச்சிருக்காங்க. அதுக்கும் மேல அசிஸ்ட் மோட். வேகத்தைக் குறைக்கலாம், சாகவே சாகாம கூட ஆடலாம். கேலி கிடையாது, தண்டனை கிடையாது. கை நடுக்கம் இருக்கறவங்களும் மலை உச்சியைப் பாக்கலாம். "அப்ப கெத்து என்னாவுது"ன்னு கேக்கறவங்க அந்த மோடை ஆன் பண்ணாம ஆடிக்கலாமே. அடுத்தவங்க வீட்டுல என்ன செட்டிங் இருந்தா உங்களுக்கு என்ன?

இதோட நிறுத்தினா இண்டி ரசிகர்கள் என்னைத் தோள்ல தூக்கிடுவாங்க. கீழ இறக்குங்க, உங்களுக்கும் இருக்கு.

இண்டின்னாலே கலை, மனசு, ஆத்மான்னு ஒரு பேச்சு. நாலு பிக்சல் படம், சோகமான பியானோ, அம்மா செத்துப்போன கதை, ரெண்டு மணி நேரத்துல முடிவு. இதுல பாதி, பழைய கேம் மேல நமக்கு இருக்கற ஏக்கத்தையே பொட்டலம் கட்டி நமக்கே விக்கறது. பாதியில விட்டுட்டுப் போன ஏர்லி ஆக்சஸ் கேம் என் லைப்ரரில ஒரு டஜன் இருக்கும்.

ஹாலோ நைட், 2017. ஆஸ்திரேலியால ஒரு சின்ன டீம். கையால வரைஞ்ச அந்தப் பூச்சி உலகத்தோட அழகுக்கு முன்னாடி பெரிய கம்பெனிக்காரங்க வெக்கப்படணும். ஆனா பாஸ்கிட்ட செத்தா எங்கயோ இருக்கற பெஞ்சுல எழுந்து, அதே பள்ளம், அதே பூச்சி எல்லாம் தாண்டி மறுபடி அவன்கிட்ட போகணும். போற வழில செத்தா சேத்து வெச்ச காசும் போச்சு. இது ஐஜிஐ பண்ணின அதே வேலை. படம் அழகா இருக்குங்கறதுக்காக இங்க "ஆழமான வடிவமைப்பு"ன்னு பேர் மாத்திச் சொல்லக்கூடாது.

ஸ்டார்ட்யூ வேலி, 2016. எரிக் பாரோன் ஒத்தை ஆளா நாலு வருஷத்துக்கு மேல உக்காந்து செஞ்சது. ஓவியம், இசை, கதை எல்லாமே அவர்தான். அவர் மேல எனக்கு மரியாதை அதிகம். ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு நாள் முடிஞ்சு படுத்தாதான் சேவ் ஆகும். ஒரு நாள்னா சுமார் 14 நிமிஷம். பன்னெண்டாவது நிமிஷம் லேபர் வார்டுல இருந்து போன் வந்தா என் மொத்த அறுவடையும் காத்துல. பாஸ் போட்டு வெச்சுட்டு ஓடுவேன். திரும்பி வரும்போது லேப்டாப் செத்திருக்கும். அதுக்கும் மேல ஒரு மாசம் ஆனதும் அது ரெண்டாவது வேலை ஆயிடுது. மாட்டுக்குத் தீவனம், கோழிக்குத் தீவனம், மழை வந்துச்சா இல்லையா. வார்டு ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வந்து இன்னொரு ரவுண்ட்ஸ்.

பிரெய்ட், 2008. நேரத்தைப் பின்னால ஓட்டற புதிர். கடைசிக் கட்டம் கேம் வரலாற்றுல ஒரு மைல்கல், சந்தேகமே இல்ல. லெவலுக்கு நடுவுல வர்ற அந்தப் புத்தகப் பக்கங்கள்? தாங்கல. முதல் வருஷ காலேஜ் டைரி.

இனிமே நான் சொல்லப்போறது கொஞ்சம் என் தொழில் சம்பந்தப்பட்டது.

பேப்பர்ஸ், ப்ளீஸ். 2013, லூகாஸ் போப்னு ஒருத்தர் செஞ்சது. நீங்க ஒரு கற்பனை நாட்டு எல்லைல, ஒரு கூண்டுக்குள்ள உக்காந்திருக்கற பாஸ்போர்ட் பரிசோதகர். வருஷம் 1982. வெளிய முடிவே இல்லாத க்யூ. ஒவ்வொருத்தர் பேப்பரையும் வாங்கணும், தேதி சரியா, பேர் சரியா, போட்டோ சரியான்னு பாத்து பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தணும். தலைக்கு இவ்வளவுன்னு கூலி. ஒரு நாள்ல ரெண்டு தப்பு வரைக்கும் எச்சரிக்கை, அதுக்கு மேல அபராதம். சாயங்காலம் வீட்டுக் கணக்கு வரும். வாடகை, சாப்பாடு, கணப்பு, யாருக்காவது உடம்பு சரியில்லன்னா மருந்து. எதையாவது விட்டுத்தான் ஆகணும்.

ஒரு கட்டத்துல ஒரு கணவர் வருவார். பேப்பர் எல்லாம் பக்கா. பின்னாடி என் மனைவி வர்றா, கொஞ்சம் கருணை காட்டுங்கன்னு சொல்லிட்டுப் போவார். அவங்களுக்கு அனுமதிச் சீட்டு இருக்காது. விட்டா உங்க கணக்குல ஒரு தப்பு ஏறும்.

முதல் தடவை விட்டேன். நல்லவன்ல. அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல, அன்னிக்கு என்கிட்ட ரெண்டு எச்சரிக்கையும் மிச்சம் இருந்துச்சு. என்னை உறுத்தினது கொஞ்ச நேரம் கழிச்சுத்தான். விதிமுறை கூடக் கூட, நேரம் பத்தாமப் போகப் போக, வர்றவங்க என்ன பேசறாங்கன்னு படிக்கறதையே நான் நிறுத்திட்டேன். பேப்பர், தேதி, முத்திரை. பேப்பர், தேதி, முத்திரை. ஒரு ஆள் நான் நல்லா விடமாட்டேன்னு தெரிஞ்சும் க்ரேயான்ல வரைஞ்ச மாதிரி ஒரு பாஸ்போர்ட்டை எடுத்துட்டு சிரிச்ச முகமா வருவார். அவருக்குக் கூட முகம் பாக்காம சிவப்பு குத்திட்டேன்.

அடுத்த நாள் ஓபி. சுகர், பிரஷர் மாத்திரை வாங்கற நாள். க்யூ வராண்டா தாண்டி மரத்தடி வரைக்கும். ஒரு பாட்டி சீட்டை நீட்டினாங்க. போன மாசம் எழுதினது மேல இருக்கு, அதையே கீழ எழுதிட்டேன். அவங்க இன்னும் ஸ்டூல்ல உக்காரவே இல்ல. சீட்டை வாங்கிட்டு வாசல் வரைக்கும் போய் நின்னு, "கால்ல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது சாமி, அதைக் காட்டலாமா இல்ல அடுத்த மாசம் வரட்டா"ன்னு கேட்டாங்க. கட்டை அவுத்துப் பாத்தா மூணு வாரப் புண்ணு.

அந்தக் கேம் என்னை நல்ல டாக்டர் ஆக்கிடுச்சுன்னு கதை விடல. அதுக்கடுத்த வாரமும் கூட்டம் கூடினப்ப முகம் பாக்காம எழுதியிருக்கேன். ஆனா எனக்கு அது தெரியுது. எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷத்துல யாரும் எனக்குக் காட்டாத விஷயத்தை, பச்சையும் சிவப்புமா ரெண்டு முத்திரை வெச்சு ஒருத்தர் காட்டினார். அதே கேம்ல அந்த வேலைச் சலிப்பு வேணும்னே வெச்சது. அந்தச் சலிப்பு இல்லாம அந்தப் பாடம் இல்ல. அதனால அதை நான் நேர விரயம்னு சொல்ல மாட்டேன். ஐஜிஐயோட எட்டாவது தவழலும் இதுவும் ஒண்ணு இல்ல.

இப்ப புரியுதா நான் ஏன் அந்த மீமைப் பாத்துக் கடுப்பானேன்னு? ஓபில பெத்தவங்க என்கிட்ட கேக்கறது ஒரே கேள்வி: "பையன் கேம் ஆடறான் சார், நிறுத்திடவா?" என்ன கேம்னு திருப்பிக் கேட்டா தெரியாது. ரம்மியும் கேம்தான், செலஸ்ட்டும் கேம்தான், செஸ்ஸும் கேம்தான். உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11ல கேம் அடிமைத்தனத்தை நோயாச் சேத்திருக்கு, சரி. அதுல கூட எத்தனை மணி நேரம்னு ஒரு எண் வெக்கல. கட்டுப்பாடு போச்சா, மத்த எல்லாத்தையும் தள்ளிட்டு அது முன்னால வந்துடுச்சா, கெடுதல் நடந்தும் நிறுத்த முடியலையா, இது பெரும்பாலும் ஒரு வருஷமாவது நீடிச்சிருக்கான்னுதான் பாக்கச் சொல்லுது. நாம என்ன பண்றோம்? பழசுன்னா நல்லது, போன்ல இருந்தா கெட்டதுன்னு ஒரே வரில சீட்டு எழுதறோம். உக்காரக்கூட விடாம.

பெரிய இடத்துலயே இந்தத் தப்பு நடந்திருக்கு. 2024ல வந்த பலாட்ரோ, ஒருத்தர் தனியா செஞ்ச சீட்டுக்கட்டு கேம். உள்ள பந்தயமே கிடையாது, ஒரு தடவை வாங்கினா அதோட சரி. ஐரோப்பாவுல வயசு முத்திரை குத்தற பெகி அமைப்பு, போக்கர் படம் இருக்குன்னு அதுக்கு 18 வயசுன்னு போட்டாங்க. நிஜக் காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி உடைக்கற ஃபுட்பால் கேமுக்கு 3 வயசு. செஞ்சவரே நக்கலடிச்சார். 2025ல மேல்முறையீட்டுல 12ஆக் குறைச்சாங்க. படத்தைப் பாத்தாங்க, உள்ள ஓடற மெஷினைப் பாக்கல. முஸ்தபா பத்தி நாம பண்றதும் அதேதான்.

வெண்பா பத்திக் கேக்காம விடமாட்டீங்க, அதனால நானே சொல்லிடறேன். 2023, டொரோன்டோல இருக்கற விசை கேம்ஸ். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவோட பழைய சமையல் குறிப்பு நோட்டு, அதுல அழிஞ்சுபோன வரிகளை யூகிச்சு சமைக்கணும். பாஃப்டா விருது வாங்குச்சு. நம்மாளுங்க எல்லாம் அழுதேன் அழுதேன்னு எழுதினாங்க. நானும் ஒரு இடத்துல அழுதேன். ஆனா கேமா பாத்தா புதிர் ரொம்ப லேசு. இட்லித் தட்டை எப்படி அடுக்கணும்னு எங்க வீட்டுல பத்து வயசுல தெரியும். ஒன்றரை மணில முடிஞ்சிடுது, மகன் வளந்து விலகற கட்டம் எல்லாம் வேகவேகமா ஓடிடுது. நம்ம கதைங்கறதால நூத்துக்கு நூறு போடறது அவங்களுக்கு நாம பண்ற மரியாதை ஆகாது. என் மார்க் 70. அடுத்த கேமுக்குக் காத்திருக்கேன், முதல் நாளே காசு கொடுத்து வாங்குவேன்.

காசுன்னதும் ஞாபகம் வருது. மீம் போட்டவங்க ஒருத்தராவது அந்தப் பழைய கேமை அன்னிக்குக் காசு கொடுத்து வாங்கினீங்களா? நான் வாங்கல. முப்பது ரூபா சிடி, அதுல பேனாவால எழுதின பேரு. நமக்கு வேற வழி இல்லாமயும் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா "எங்க காலத்து கேம் எங்ககிட்ட காசு பிடுங்கல"ன்னு பெருமை பேசறதுக்கு முன்னாடி, நாம அவங்களுக்கு எவ்வளவு கொடுத்தோம்னு கொஞ்சம் யோசிச்சுக்கலாம். இன்னிக்கு அதுல பலதை வாங்கணும்னு நினைச்சாலும் கிடைக்காது. அமெரிக்காவுல 2010க்கு முன்ன வந்த கேம்ல 87 சதவீதம் இப்ப கடைல விற்பனைக்கே இல்லன்னு அங்க கேம் வரலாற்றைப் பாதுகாக்கற ஒரு அமைப்பு 2023ல கணக்கு சொல்லுச்சு. பழசு மேல பாசம்னா கோபம் அங்க வரணும். இன்னிக்குப் பசங்க மேல இல்ல.

பிரின்ஸுக்கு அந்த விஷயத்துல அதிர்ஷ்டம். மெக்னரோட அப்பா 2012ல ஒரு பழைய பெட்டில ஃப்ளாப்பியைக் கண்டெடுத்தார், மெக்னர் அதுல இருந்த மூல நிரலை அப்படியே இணையத்துல எல்லாருக்கும் போட்டுட்டார்.

எங்க அக்கா பையனுக்கு அந்த பிரின்ஸைத்தான் லீவுக்குப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் "மாமா, இது மொக்கை, படமே தெரியல"ன்னான். மூணாவது நாள் நானே தாண்டாத இடத்தைத் தாண்டிட்டான். சேவ் பண்ணிப் பண்ணித்தான், நான் தடுக்கல. இப்ப பன்னெண்டாவது லெவல்ல நிழலுக்கு எதிர்ல நிக்கறான். தினம் சாயங்காலம் போன். "மாமா, எப்படி வெட்டினாலும் எனக்குத்தான் உயிர் குறையுது, கேம் கெட்டுப்போச்சா?" நான் இன்னும் சொல்லல. அவன் இந்த ஆப்ல இல்லங்கற தைரியத்துலதான் மேல அவ்வளவு விளக்கமா எழுதியிருக்கேன். தெரிஞ்சவங்க யாரும் அவனுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிடாதீங்க.